எழுபத்துநாலாம் இலக்கம் பந்தைத் தொட்டதா, இல்லையா

1

இந்தக் கதை ஒரு படத்தால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் குடும்பக் குழுவில் நான் போட்ட படம். அதில் என் அம்மாவின் தங்கை குணேஸ்வரி, எனக்குச் சின்னம்மா, சேற்றில் புரண்டெழுந்த ஒரு வெள்ளைக்காரப் பெடியனைக் கட்டிப்பிடித்து அழுகிறார். அவருடைய சொந்த மகன் அபிராம் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி பின்னால் நின்று சிரிக்கிறான்.

படம் போய்ச் சேர்ந்த சூட்டோடு கோண்டாவிலில் இருந்து கேள்விகள் வந்தன.

"ஆர் உந்தப் பெடியன்?" இது அம்மா.

"மருமகனோ?" இது பெரிய மாமா.

"குணேசுக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்லையே அண்ணை."

"அப்ப ஏன் கட்டிப்பிடிச்சு அழுறாள்? அபிராம் பொலிசிலை சேந்திட்டானோ? கவசமெல்லாம் வைச்சிருக்கிறான்."

அழைத்தே சொல்லியிருக்கலாம். ஆனால் அழைத்தால் பெரிய மாமா நடுவில் புகுந்து கதையை வேறு பக்கம் கொண்டுபோய்விடுவார். அதனால் எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பதும் முழு உண்மையில்லை. முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து பஸ்சுக்கு நிற்கும்போதும், வீட்டில் என் அறையில் இருந்தும் தொலைபேசியிடம் சொல்கிறேன். அது எழுதுகிறது. எங்கள் பேச்சில் சொன்னால் திணறுகிறது, செய்தி வாசிப்பது போலச் சொன்னால் ஒழுங்காக எழுதுகிறது. ஜேர்மனிக்குப் போய் ஒரு வருடத்தில் ஆரணி வானொலிக்காரி ஆகிவிட்டாள் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஆட்கள் கதைக்கிற இடங்களை மட்டும் விரலால் திருத்தியிருக்கிறேன்.

கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்பேன். முக்கியமாக அம்மாவிடம். ஆகவே அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வாசிக்கவேண்டாம்.

2

முதலாவது தொடக்கம் இப்படி வந்தது:

"அமெரிக்கன் புட்போல் என்பது பதினொருவர் கொண்ட இரண்டு அணிகள் முட்டை வடிவப் பந்து ஒன்றை நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் தூரம்—"

விட்டுவிட்டேன். பெரிய மாமா நித்திரையாகிவிடுவார்.

இரண்டாவது:

"அபிராம் பிறக்கும்போதே நாலரைக் கிலோ. தாதி அவனைத் தூக்கிப் பார்த்துவிட்டு இன்னொரு தாதியைக் கூப்பிட்டு—"

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது சின்னம்மா அறைக்குள் வந்துவிட்டார்.

"உதை ஏனடி சொல்லுறாய்? கண்ணூறு படும்."

அதையும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது, இதுதான் நிற்கப்போகிறது:

உலகத்தில் பிள்ளையை இன்னும் சாப்பிடச் சொல்கிற ஒரு விளையாட்டு இருக்கிறது என்பது குணேஸ்வரிக்கு அபிராமின் பதினாலாவது வயதில்தான் தெரியவந்தது.

அதுவரைக்கும் எல்லோரும் குறைக்கச் சொன்னவர்கள்தான். டொக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்கு ஆள் பிரித்தால் கடைசியில் மிஞ்சி நிற்கிறவன் அபிராம். அந்தப் பிள்ளை ஒரு நாள் முகமெல்லாம் பல்லாக வந்து, "அம்மா, லிப்பே பைசன்ஸிலை என்னை எடுத்திட்டாங்கள். கொஞ்சம் கூடச் சாப்பிட்டு வரட்டாம்" என்றான்.

குணேஸ்வரிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. காலையில் புட்டும் முட்டைப்பொரியலும், பயிற்சி முடிந்து வந்தால் இடியப்பமும் இறைச்சிக்கறியும் என்று அவர் அந்த அணிக்குச் சம்பளமில்லாத ஊழியராகிவிட்டார். அரியரத்தினம் சித்தப்பா வேலையால் வந்த உடுப்போடேயே மகனை ஏற்றிப்போய் மைதானத்தில் இறக்கினார். இளையோர் அணி, பிறகு பெரியவர்களின் அணி. கதவு நிலையில் முட்டாமல் தலையைக் குனிந்து வர அபிராம் பழகிக்கொண்டான். மின்சார வேலைக்கான தொழிற்பயிற்சி, இங்கே சொல்கிறபடி அவுஸ்பில்டுங், பகலில், பயிற்சி பின்னேரத்தில்.

விளையாட்டு நடப்பது ஞாயிறுகளில். சின்னம்மாவுக்கு வெதுப்பகத்தில் ஞாயிறு வேலை. ஆகவே இவ்வளவு காலமும் சமைத்தாரே தவிர, மகன் விளையாடி ஒருநாளும் பார்த்ததில்லை. இந்த வைகாசியில்தான் ஞாயிறு லீவு கிடைத்தது. மடிப்புக் கதிரை, தேத்தண்ணிப் போத்தல், குடை, நான், சித்தப்பா என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு முதன்முதலாகப் பார்க்கப் போனார்.

3

மகன் பந்தைத் தொடவே இல்லை.

விளையாட்டு முழுக்க. ஒருதரம்கூட. பந்து யோனாஸ் என்ற பெடியனின் கைக்கே ஒவ்வொரு முறையும் போனது. படத்தில் நீங்கள் கண்டது அவனைத்தான். அவன் பின்னால் நின்று அதை யாருக்காவது எறிவான், ஆட்கள் கைதட்டுவார்கள். முன்னால் ஒரு வரிசையில் ஐந்து பெரிய பெடியன்கள், அதில் இடது ஓரத்தில் எழுபத்துநாலாம் இலக்கம், எங்கள் அபிராம். விசில் ஊதினதும் எதிரே நிற்கிறவனோடு முட்டுவான், தள்ளுவான், விழுவான், எழும்புவான். திரும்பவும் அதே.

திரும்பி வரும்போது காரில் சின்னம்மா கேட்டார்.

"ஏனப்பு, உன்னட்டை ஏன் பந்து தாறாங்களில்லை?"

"நான் லைன் அம்மா. நாங்கள் பந்தைத் தொடக்கூடாது."

சின்னம்மா கார் ரேடியோவை நிறுத்தினார்.

"தொடக்கூடாதெண்டு ஆர் சொன்னது?"

"சட்டம் அம்மா. எறியிற பந்தை நாங்கள் பிடிக்கக்கூடாது. கீழை விழுந்தால் எடுக்கலாம்."

"ஓ. கீழை விழுந்தால் எடுக்கலாம்."

"அது ஆருக்கும் உள்ள சட்டமப்பா," என்றார் சித்தப்பா.

"நீங்கள் ரோட்டைப் பாத்து ஓடுங்கோ."

(ஒருவன் ஒன்றைத் தொடக்கூடாது என்ற பேச்சு எங்கள் ஊரில் எங்கெங்கே இருந்தது, யார் யாருக்குச் சொன்னது என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சின்னம்மாவுக்கு அது சட்டமாகக் கேட்கவில்லை. இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு சாப்பாடு போட்டு வளர்த்த பிள்ளையை ஒரு வரிசையில் நிறுத்தித் தொடாதே என்கிறார்கள் என்றுதான் கேட்டது. நானும் இங்கே வந்த புதிதில் வேலையிடத்தில்— இல்லை, இதை விட்டுவிடுகிறேன். இது அபிராமின் கதை.)

4

எங்கள் ஆட்களுக்கு மட்டும் வரக்கூடிய ஒரு யோசனை சின்னம்மாவுக்கு வந்தது. சாப்பாட்டால் வெல்லலாம்.

அடுத்த முறை ஒரு பெட்டி நிறைய மரக்கறி ரோல்ஸ். நேரே யோனாஸிடம் கொண்டுபோனார். அவன் சாப்பிட்டான், கும்பிட்டான், இன்னொன்று எடுத்தான். பந்து வரவில்லை. அதற்கடுத்த முறை மீன் கட்லெட். யோனாஸ் சின்னம்மாவைக் கண்டால் ஓடிவந்து பையை வாங்கத் தொடங்கினான். பந்து அப்போதும் வரவில்லை.

"திண்டிட்டு ஏமாத்துறான் அப்பு அந்தப் பெடியன்," என்று அபிராமிடம் சொன்னார். அபிராம் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தான். கட்டிலின் ஒரு கால் இன்னும் சரியில்லை.

கடைசியில் ட்ரெயினர் பிறிங்மனையே மறித்துவிட்டார். பிறிங்மன் தாடி வைத்த, பெரிய வயிற்று மனிதர். எங்கள் பெயரை முழுதாகச் சொல்ல ஏலாமல் சின்னம்மாவைப் 'பிறவ் அரி', அதாவது திருமதி அரி, என்று கூப்பிடுவார். சின்னம்மா தன் வெதுப்பக ஜேர்மனில், என் மகனுக்கும் ஒருக்காப் பந்து கொடுங்கோ என்று கேட்டார்.

"பிறவ் அரி," என்றார் அவர் கட்லெட்டைக் கடித்தபடி, "அபியைப் பந்துக்கு விட்டால் யோனாஸை ஆர் பாக்கிறது?"

அன்று வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகக் கழுவப்பட்டன.

"என்ரை பிள்ளை அவன்ரை வாசல்காவலாளியோ?"

இந்தக் கோபம் ஆறுவதற்குள் ஸ்ருட்காட் பக்கத்துப் பெரிய அணி ஒன்றிடமிருந்து அழைப்பு வந்தது. அவர்கள் மேல் வகுப்பில் விளையாடுகிறவர்கள். அபிராமின் விளையாட்டைப் பார்த்திருக்கிறார்கள். அங்கே வந்தால் அறை தருவார்கள், அவுஸ்பில்டுங்கை அங்கேயே தொடரலாம். இந்தப் பருவம் முடிந்ததும் பதில் சொல்லவேண்டும். அபிராமுக்குப் பத்தொன்பது வயது. ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை. ஆனாலும் அவன், "அம்மா ஓம் எண்டால்தான் போவன்" என்று சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு அன்றிரவு ஒரு தட்டுச் சோறுதான் சாப்பிட்டான். அதிலிருந்தே அவனுக்கு எவ்வளவு ஆசை என்று எல்லோருக்கும் விளங்கியது.

சின்னம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போனோம். தேர் வெளிவீதியில் திரும்புகிற இடத்தில், அத்தனை அரோகராவுக்குள்ளும் அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"அம்மாளாச்சி, என்ரை கண்ணுக்கு முன்னாலை என்ரை பிள்ளை ஒருக்காப் பந்தைத் தொடவேணும். தொட்டால் அனுப்புவன். இல்லாட்டி இல்லை."

ஒரு நேர்த்தி வைத்தால் வைத்ததுதான். திருப்பி எடுக்க ஏலாது. இது அம்மாவுக்கும் தெரியும், பெரிய மாமாவுக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் பிறிங்மன்தான்.

அடிக்குறிப்பு: தேர் உருளும்போது சித்தப்பா சில்லுக்குக் கட்டை கொடுக்கிற ஆட்களில் ஒருவர். குனிந்தபடியே போவதால் அன்று அவர் அம்பாளைப் பார்ப்பதே இல்லை. இதையும் அபிராமின் வேலையையும் பக்கத்தில் வைத்து அழகான ஒரு பந்தி சொல்லியிருந்தேன். சின்னம்மா கேட்டுவிட்டு, "தேரை உதுக்குள்ளை இழுக்காதை" என்றார். எடுத்துவிட்டேன்.

5

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் வருகிறது.

மார்ட்டினா யோனாஸின் தாய். எங்கள் அணியின் சொந்த மைதானத்தில் நடந்த கடைசி விளையாட்டில், போன ஞாயிறு, மழை தூறத் தொடங்கியதும் சின்னம்மாவின் குடைக்குள் வந்து உட்கார்ந்தார். கதைக்கு வேண்டிய நேரத்தில் வேண்டிய ஆள் வந்து உட்காருவது எழுதுகிறவர்கள் செய்யும் தந்திரம் என்று நீங்கள் சொல்வீர்கள். நான் என்ன செய்ய. அவரிடம் குடை இல்லை, எங்களிடம் இருந்தது.

அன்று குணேஸ்வரியின் கண் பந்திலேயே இருந்தது. இன்றைக்கு விழுந்தால்தான் உண்டு. பந்து எங்கே போனாலும் அது கீழே விழவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார். தன் மகனின் அணி பந்தைத் தவறவிட வேண்டுமென்று வேண்டிய ஒரே தாய் அந்த மைதானத்தில் அவராகத்தான் இருப்பார்.

பக்கத்தில் மார்ட்டினா, "நல்லது அபி, நில்லு அபி, நில்லு," என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

சின்னம்மா திரும்பிப் பார்த்தார்.

"உங்கடை மகன் யோனாஸ் எல்லோ?"

"ஓம்."

"பிறகேன் என்ரை மகனைப் பாக்கிறியள்?"

மார்ட்டினா கண்ணை எடுக்காமலே சொன்னார். "போன வருசம் அபி இந்த இடத்துக்கு வரமுதல் யோனாஸுக்குத் தோள்மூட்டு போனது. எறியிறவனுக்கு இடதுபக்கத்தாலை வாறவனைத் தெரியாது. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறான். அதுக்குப் பிறகு நான் பந்தைப் பாக்கிறதில்லை. என்ரை பெடியனையும் பாக்கிறதில்லை. எழுபத்துநாலை மட்டும் பாப்பன். அவன் நிண்டால் இவன் நிப்பான். வீட்டை போனால் மனிசன் கேக்கிறது ஆர் வெண்டதெண்டில்லை, அபி எப்பிடி நிண்டவன் எண்டுதான்."

குணேஸ்வரி குடையைக் கொஞ்சம் மார்ட்டினாவின் பக்கம் சாய்த்தார். பிறகு பந்தை விட்டுவிட்டு மகனைப் பார்த்தார்.

அவர் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். விசில் ஊதினதும் அந்தப் பெரிய உடம்பு பின்பக்கமாக எவ்வளவு மெல்லிசாக நகர்கிறது. இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால். எதிராளி வலப்பக்கம் பாய்ந்தால் அதற்கு முதலே இவன் கால் அங்கே போய் நிற்கிறது. மோதுகிற சத்தம் குடைக்குள்ளும் கேட்டது. விழுந்தான். எழும்பினான். எழும்பும்போது திரும்பி, யோனாஸ் நிற்கிறானா என்று ஒரு பார்வை. ஒவ்வொரு முறையும் அந்தப் பார்வை.

சின்னம்மாவின் வாயும் முணுமுணுக்கத் தொடங்கியது. "நில்லப்பு. நில்லு."

இரண்டு தாய்மாரும் ஒரே பிள்ளையைப் பார்த்துக்கொண்டு ஒரே குடைக்குள். சித்தப்பா மட்டும் மற்றப் பக்கத்தில் தமிழில் நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

6

முடிவுகள்.

முதலாவது, பெரிய மாமாவுக்குப் பிடிக்கக்கூடியது: கடைசி நிமிடம். பந்து விழுகிறது. அபிராம் அதைத் தூக்குகிறான். மைதானத்தின் ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு ஓடுகிறான், ஆறு பேர் அவன் முதுகில் தொங்குகிறார்கள், மழை நின்று வெயில் எறிக்க—

இல்லை. இது நடக்கவில்லை.

இரண்டாவது, சித்தப்பா சொல்லித்தந்தது: விளையாட்டு முடிந்ததும் பிறிங்மன் அபிராமின் கையில் பந்தைப் பரிசாகக் கொடுக்கிறார், நேர்த்தி தீர்ந்துவிடுகிறது. இதுவும் நடக்கவில்லை. ஆனால் சித்தப்பா அப்படி நடத்தச் சொல்லிப் பிறிங்மனிடம் இரகசியமாகப் போனவர் என்பது உண்மை. பந்தை அதற்குள் சிறு பெடியன்கள் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

நடந்தது இது.

கடைசிக்குக் கொஞ்சம் முதல். எங்கள் அணி புள்ளியில் பின்னுக்கு நிற்கிறது. பந்து யோனாஸிடம் வந்தது. மழை, சேறு. கையில் இருந்து வழுக்கியது. முட்டைப்பந்து விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. அது துள்ளித் துள்ளி அபிராமின் காலடிக்கு வந்தது.

காலடிக்கு. அவன் சும்மா அதன் மேல் விழுந்தால் போதும். மைதானமே "பந்து, பந்து" என்று ஜேர்மனில் கத்தியது. அம்மாளாச்சி ஊன்ட்றொப்பில் இருந்து உருட்டிவிட்டது போல வந்து நின்றது.

அதே நேரம் எதிரணியில் ஒரு மலை, அபிராமைச் சுற்றிக்கொண்டு யோனாஸை நோக்கி வந்தது. யோனாஸ் பந்தைத் தேடிக் குனிந்துகொண்டிருந்தான். முதுகு இந்தப் பக்கம். போன வருடம் போன தோள்மூட்டு இந்தப் பக்கம்.

குணேஸ்வரி எழும்பிவிட்டார். குடை பறந்தது.

"பந்தை விடடா. பெடியனைப் பார். பெடியனைப் பார்."

கோண்டாவிலுக்கே கேட்டிருக்கவேண்டிய குரல். அபிராம் பந்தை விட்டான். ஒரு காலைப் பின்னுக்கு ஊன்றி, அந்த மலையை நெஞ்சில் வாங்கி, அப்படியே பக்கவாட்டில் கொண்டுபோய்ச் சேற்றில் கிடத்தி, அதற்கு மேல் தானும் கிடந்தான். பந்து எப்படியோ யோனாஸின் பக்கம் உருண்டது. அவன் பொறுக்கினான், எறிந்தான். தூரத்தில் யாரோ பிடித்தார்கள். ஆட்கள் துள்ளினதைப் பார்த்துத்தான் நாங்கள் வென்றுவிட்டோம் என்று தெரிந்தது. எங்கள் குடைக்காரர் இரண்டு பேரும் சேற்றில் கிடந்த எழுபத்துநாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எழும்பித் திரும்பி, யோனாஸ் நிற்கிறானா என்று பார்த்தது.

அதற்குப் பிறகுதான் சின்னம்மா மைதானத்துக்குள் ஓடினார். முதலில் எதிர்ப்பட்டவன் யோனாஸ். கட்டிப்பிடித்து, தலை, தோள், கை எல்லாம் தடவி, "ஒண்டும் இல்லையே ராசா, ஒண்டும் இல்லையே" என்று அழுதார். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் திரும்பக் கட்டிப்பிடித்தான். அதுதான் படம். மருமகன் இல்லை, மாமா.

7

பிரச்சினை கார் நிறுத்துமிடத்தில் தொடங்கியது.

"அப்ப நேர்த்தி?" என்றார் சித்தப்பா.

எல்லோரும் நின்றோம்.

"பந்து அவன்ரை சப்பாத்திலை பட்டுத்தான் யோனாஸின்ரை பக்கம் போனது," என்றார் சித்தப்பா. "நான் கண்டனான்."

"நீங்கள் நடுவரோடை சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

"சப்பாத்தும் கால்தானே. அம்மாளாச்சி கை, கால் எண்டு பிரிச்சுப் பாக்கிறவவோ?"

யோனாஸைக் கேட்டோம். கண்ணுக்குள் சேறு, தெரியவில்லை என்றான். மார்ட்டினா தான் பந்தையே பார்ப்பதில்லை என்று ஏற்கெனவே சொன்னவர். என் வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். சரியாக அந்த இடத்தில் மார்ட்டினா என் கையைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். மேகம் தெரிகிறது. சின்னம்மாவின் குரல் கேட்கிறது. பிறகு குடை பறந்து போகிறது.

கடைசியில் அபிராமையே கேட்டார்கள்.

"தெரியேல்லை அம்மா. நான் பந்தைப் பாக்கேல்லை. நீங்கள்தானே விடச் சொன்னனீங்கள்." பிறகு சொன்னான், "எல்லாரும் ஜேர்மனிலை கத்தினாங்கள். தமிழிலை ஒரு குரல்தான் வந்தது."

சின்னம்மா காருக்குள் ஏறி இருந்து, கண்ணைத் துடைத்துவிட்டு, "அக்கா சொல்லட்டும்" என்றார்.

ஆகவே அம்மா, இனி இது உங்கள் கையில். பட்டது என்று நீங்கள் சொன்னால் பட்டது, அபிராம் போகலாம். படவில்லை என்றால் படவில்லை. கூட இருந்து பார்த்த எனக்கே தெரியாது. தெரிந்தாலும் எழுதமாட்டேன். நேர்த்தி விஷயத்தில் நான் பொய் எழுதி, பிறகு—

"ஆரணி, இன்னும் அதோடையே கதைக்கிறாய்?"

இது சின்னம்மா. தொலைபேசி இதையும் எழுதுகிறது. அழிக்கவில்லை, இருக்கட்டும். கூடத்தில் பெரிய சூட்கேஸ் திறந்து கிடக்கிறது. மிளகாய்த்தூள் இரண்டு பொதி, புட்டுக்குழல், அந்த உடம்புக்கு அளவான போர்வை ஒன்று. ஏன் இதெல்லாம் என்று கேட்டேன். தூசு தட்ட எடுத்ததாம்.

"அக்கா பதில் போட்டவளோ?"

"இன்னும் அனுப்பவே இல்லை சின்னம்மா."

"கெதியா அனுப்பு. வடிவா யோசிச்சு, அம்மாளாச்சிக்குப் பொதுவா ஒரு முடிவு சொல்லச் சொல்லு. சனிக்கிழமைக்கு முதல் சொல்லச் சொல்லு. ரிக்கற் எடுத்தாச்சு."